‘லோன்’ போகும் ஆட்டக்காரர்: கடன் வேண்டாம், இரவலாட்டம் என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்தில் ஆட்டக்காரர் அணி மாறிப் போகும் டிரான்ஸ்பர், இரண்டு அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ஸ்வாப், குறித்த காலத்துக்கு மட்டும் வேறோர் அணிக்கு ஆடிவிட்டுத் திரும்பும் லோன், இந்த மூன்றுக்கும் ஒரு வாரமாக நம் மடற்குழுவில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டில் ஏறக்குறைய ஒத்துப்போய்விட்டோம். மூன்றாவதில்தான் சிக்கல். ‘கடன்’ என்பதே போதும், நாளிதழ்களில் பழகிவிட்டது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அந்தச் சொல் கூடவே கூடாது என்பது என் கட்சி. அந்தச் சொல்லை எழுதி ஒரு தாயை அழவைத்தவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், தாலுகா ஆபீசில் மலையாளம், கால்பந்தில் இரண்டும் கலந்து. எங்கள் வாசகசாலையில் தமிழ் நூல் பகுதியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதே கட்டடத்தின் பின்னறையில் ஊர் கிளப் இயங்குகிறது. அதன் அறிவிப்புப் பலகையைத் தமிழில் எழுதுவதும் என் பொறுப்பு. இரண்டாம் போகம் அறுத்ததும் வயலில் பாக்கு மரம் நட்டுப் பார்வையாளர் உட்காரும் காலரி கட்டி, விளக்குப் போட்டு, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டம் தொடங்கிவிடும். எங்கள் பையன் ஒருவன் பக்கத்து ஊர் அணிக்கு ஒரு சீசன் மட்டும் ஆடப் போனான். ‘இவ்வாண்டு கடனுக்குக் கொடுக்கப்பட்டுள்ள ஆட்டக்காரர்’ என்று எழுதி, அவன் பெயரைக் கீழே போட்டேன்.

மறுநாள் காலையில் அவன் அம்மா வந்து நின்றார். மில் வேலைக்குப் போகிற வழி, கையில் சோற்றுத் தூக்கு. பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங்க, எம் பையனக் கடனுக்கா குடுத்துப் போட்டீங்க? காசு எப்ப வருமுங்க, பையன் எப்ப வருவானுங்க?” என்றார். கண் கலங்கிவிட்டது. அவர் படித்ததில் பிழையே இல்லை. மளிகைக் கடையில் அரிசியைக் கடனுக்குக் கொடுத்தால் அரிசி போனது போனதுதான், திரும்பி வருவது காசு. தமிழில் கடனுக்குக் கொடுப்பது என்றால் காசை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று விற்பது. நான் எழுதியதன் நேர்ப்பொருள், அவர் மகனைத் தவணையில் விற்றுவிட்டோம் என்பது.

கடன் வாங்கிய நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்போது அதே நோட்டைக் கொடுக்க வேண்டியதில்லை, அதே மதிப்பு போதும். குறள் 221-இல் வரும் ‘குறியெதிர்ப்பை’யும் அப்படித்தான்: அளந்து வாங்கியதை அதே அளவில் திருப்பித் தருவது. உழக்கு நெல் வாங்கினால் உழக்கு நெல். அதே மணிகள் திரும்புவதில்லை. (இந்தச் சொல்லை முன்வைத்த ஈரோட்டு அண்ணனுக்கு நன்றி. அழகான சொல், ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது.) பக்கத்து வீட்டில் வாங்கிய கடப்பாரையை அப்படித் தீர்க்க முடியாது. அதே கடப்பாரை திரும்பி வர வேண்டும். அதற்குத் தமிழ் வைத்திருக்கும் பெயர் இரவல்.

இந்த வேறுபாடு நம் அண்டை மொழிகளிலும் இருக்கிறது. ஆந்திராவின் புத்தூர், நகரிப் பக்கத்து நண்பர் போன மடலில் எழுதியதை எல்லோரும் திரும்ப ஒருமுறை படியுங்கள். தெலுங்கில் பணம் வாங்கினால் ‘அப்பு’, நகையோ பாத்திரமோ வாங்கினால் ‘எருவு’ என்று எழுதியிருந்தார். கன்னடத்தில் ‘எரவலு’. மலையாளப் பத்திரிகைகள் மட்டும் ‘வாய்ப்ப’ என்கின்றன. அது வங்கிக் கடனுக்கும் சேர்த்து வழங்கும் சொல். அங்கிருந்துதான் எங்கள் எல்லைப் பக்கத்துப் பேச்சிலும், என் பலகையிலும் ‘கடன்’ புகுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மலையாளத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. டிரான்ஸ்பருக்கு அவர்கள் எழுதும் ‘கூடுமாற்றம்’ நமக்கு அப்படியே பொருந்துகிறது. கூடு விட்டுக் கூடு பாய்தலைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ‘இடமாற்றம்’ என்றால் மேலதிகாரி கையெழுத்துப் போட்டு ஒருவரைத் தூக்கியடிக்கிற நினைவுதான் வருகிறது. ‘அணித்தாவல்’ கட்சித்தாவலின் வசையைச் சுமந்து வருகிறது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் போகும் உரிமையோடுதான் போகிறார். பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மான் நீதிமன்றத்தில் போராடி 1995 டிசம்பரில் வாங்கித் தந்த உரிமை அது. அதைத் தாவல் என்று எழுதுவது அநியாயம்.

ஸ்வாப்புக்குப் ‘பரிமாற்றம்’ போதும். ‘ஆள்மாற்று’ வேண்டாம், ஆள்மாறாட்டம் காதில் விழுகிறது. ‘பண்டமாற்று’ அதைவிட மோசம். 2023 ஜூலையில் சஹல் அப்துல் சமத் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போய், ப்ரீதம் கோட்டால் இந்தப் பக்கம் வந்தபோது, நடுக்களத்தின் மூளையைக் கொடுத்துப் பின்களத்துக்கு ஆள் வாங்கலாமா என்று எங்கள் டீக்கடையில் வாரக்கணக்கில் வாக்குவாதம். எதிரணியின் இரண்டு வரிசைக்கு நடுவே பந்தை வாங்கித் திரும்புகிற ஆளை இனி எங்கே தேடுவது என்று ஒரு கட்சி. பின்களம் ஒழுகினால் முன்னால் எத்தனை கோல் போட்டு என்ன பயன் என்று இன்னொரு கட்சி. 2025 ஜனவரியில் அதே கோட்டால் சென்னை அணியான சென்னையினுக்குப் போக, பிகாஷ் யும்னாம் கொச்சிக்கு வந்தார். சென்னைக்கும் கொச்சிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு இந்தச் சொல் அன்றாடம் வேண்டியிருக்கிறது.

இனி இரவலுக்கு வந்த மறுப்புகள்.

முதல் மறுப்பு, யாழ்ப்பாணத்து அண்ணாவுடையது. இரவல் என்பது இரத்தலிலிருந்து வருகிறது. சங்கப் பாட்டில் இரவலர் என்றால் பரிசில் கேட்டு நிற்பவர். ஆட்டக்காரரை ஏன் அப்படித் தாழ்த்த வேண்டும் என்று கேட்கிறார். வேர் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல் வேரிலேயே நின்றுவிடுவதில்லை. தமிழ் நூலகங்களில் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுக்கும் பகுதிக்கு இரவல் பகுதி என்று பெயர் உண்டு. அங்கே போய் நிற்பவர் யாரும் பிச்சை கேட்பதாக நினைப்பதில்லை. எங்கள் வாசகசாலைப் பேரேட்டில் நூல் எண், எடுத்தவர், எடுத்த தேதி, திரும்ப வேண்டிய தேதி என்று நான்கு கட்டம். கிளப் செயலாளர் ஒரு வருடம் அதே பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆட்டக்காரர்களைக் குறித்து வைத்திருந்தார். எந்தக் கட்டத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிகளும் நூலக விதிகளைப் போலவே இருக்கின்றன. 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளவை: நாடு விட்டு நாடு இப்படி அனுப்பினால் அதிக அளவு ஓர் ஆண்டு. வாங்கிய அணி அவரை வேறோர் அணிக்கு மறுபடி அனுப்பக் கூடாது. ஓர் அணி ஒரே நேரத்தில் எத்தனை பேரை அனுப்பலாம், எத்தனை பேரை வாங்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. முதலில் எட்டு, அடுத்த ஆண்டு ஏழு, 2024 ஜூலை முதல் ஆறு. அந்த அணியே வளர்த்த 21 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இரவல் வாங்கியதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்காதே என்று நம் வீடுகளில் சொல்வதைத்தான் ஃபிஃபாவின் தலைமையகமான ஸூரிச்சில் விதியாக எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு கோவை ஐயாவுடையது. இது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கடப்பாரையும் புத்தகமும் இரவல் போகலாம், மனிதன் எப்படிப் போவான் என்று கேட்டிருந்தார். ‘குத்தகை’ என்று ஒருவரும், மாட்டை வாரத்துக்கு, அதாவது பலனில் பங்குக்கு, விடுவதுபோல ‘வார ஆட்டக்காரர்’ என்று இன்னொருவரும் எழுதியபோது எனக்கு வந்த கோபம் என் சொல்லுக்கும் பொருந்தும் என்பது உறைத்தது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தச் சொற்களில் எதுவும் ஒரு பையன் மேல் ஒட்டக் கூடாது.

ஐயா முன்வைத்தது ‘அயற்பணி’. தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் அனைவரும் அறிந்த சொல். ஊழியர் தன் துறையிலேயே உரிமையோடு இருப்பார், வேறொரு நிறுவனத்தில் வேலை செய்வார், காலம் முடிந்ததும் திரும்புவார். முக்கியமாக, அவர் விருப்பத்துக்கு மாறாக அயற்பணிக்கு அனுப்ப முடியாது. கால்பந்திலும் ஆட்டக்காரர் சம்மதம் இல்லாமல் இது நடக்காது. சட்டப்படி பார்த்தால் இவ்வளவு கச்சிதமான ஒப்புமை வேறு கிடைக்காது. ஆனால் ஒலிபெருக்கியில் ‘அயற்பணி ஆட்டக்காரர் களமிறங்குகிறார்’ என்று சொல்லிப் பார்த்தேன். பையன்கள் யாரைப் பற்றி என்று கேட்டார்கள். ‘அயல்’ என்றதும் வெளியூர் மைதான ஆட்டம் வேறு குறுக்கே வந்து குழப்புகிறது.

வழி கிடைத்தது கன்னடத்தில். அங்கே அரசு அலுவலகங்களில் இப்படி வேறிடத்தில் வேலை செய்யப் போகும் டெபுடேஷனுக்கு ‘எரவலு சேவை’ என்கிறார்கள். கவனியுங்கள், இரவலாகப் போவது சேவை, ஆள் அல்ல. இதைப் படித்தவுடன் அந்த அம்மாவிடம் அன்று நான் பதறிப்போய்ச் சொன்னது நினைவுக்கு வந்தது: “பையன் நம்ம பையந்தானுங்க. அவன் ஆட்டம் மட்டுந்தான் ஒரு சீசனுக்கு எரவல்.” அவர் முகம் தெளிந்தது அந்த வாக்கியத்தில்தான்.

ஆகவே என் முன்மொழிவு: இரவலாட்டம். ‘இரவல் ஆட்டக்காரர்’ என்றால் ஆள் பொருளாகிவிடுகிறார். ‘இரவலாட்டத்தில் இருக்கிறார்’, ‘இரவலாடப் போயிருக்கிறார்’ என்றால் ஆட்டம் மட்டுமே போகிறது, ஆள் தன் அணியின் ஆளாகவே இருக்கிறார். அனுப்புவது தாய் அணி. (‘தாய்க் கழகம்’ வேண்டாம், அது தமிழில் அரசியல் சொல்.) வாங்குவது ஆடும் அணி.

சிக்கலான இடங்களில் வைத்துப் பார்த்தேன். திபோ கூர்த்துவா 2011 முதல் மூன்று சீசன் லண்டன் அணியான செல்சியின் ஆளாக இருந்துகொண்டே அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குக் கோல் காத்தார். 2014 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இரண்டும் மோதின. செல்சிக்கு எதிராக அவரை இறக்கினால் பணம் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனை செல்லாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏ சொல்லிவிட்டது. லண்டனில் அவர் கோல் காக்க, அட்லெட்டிகோ 3-1 என்று வென்றது. ‘கடன் வாங்கிய காவலர், கொடுத்தவரையே வீழ்த்தினார்’ என்று எழுதினால் துரோகம்போல இருக்கிறது. ‘இரவலாட்டத்தில் இருந்த கூர்த்துவா தாய் அணிக்கு எதிராகக் கோல் காத்தார்’ என்று எழுதினால் நடந்தது நடந்தபடி இருக்கிறது. 2020 ஆகஸ்டில் பார்சிலோனாவின் கூட்டின்யோ பயர்ன் மியூனிக்குக்கு ஆடி, பார்சிலோனா 8-2 என்று தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டதற்கும் இதே வாக்கியம் பொருந்தும்.

பொருந்தாத இடமும் உண்டு. 2017-இல் எம்பாப்பே மொனாக்கோ அணியிலிருந்து பாரிஸ் அணிக்குப் போனது காகிதத்தில் ஓராண்டு லோன். பின்னாலேயே பெருந்தொகைக்கு வாங்கியாக வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. திரும்பி வராதது இரவலே அல்ல. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டு, கிரயத்துக்கு முன்பே வீட்டில் குடியேறுவது போன்றது அது. அதை ‘தள்ளிவைத்த கூடுமாற்றம்’ என்று தனியாகப் பிரித்துவிடலாம். வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்ற வகை மட்டும் ‘வாங்கும் உரிமையுள்ள இரவலாட்டம்’.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. சீசன் நடுவிலேயே தாய் அணி ஆட்டக்காரரைத் திரும்பக் கேட்கிறதே, அதற்கு ‘மீட்பு’ என்று எழுதினால் அடகு நகை நினைவு வருகிறது. ‘திரும்ப அழைப்பு’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். ஒரே சொல்லாகக் கிடைத்தால் நல்லது. யாழ்ப்பாணத்து அண்ணாவும் கோவை ஐயாவும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பலகையை நேற்று அழித்து மறுபடி எழுதிவிட்டேன். ‘இவ்வாண்டு இரவலாட்டத்தில் இருப்பவர்’ என்று போட்டு, அவன் பெயருக்குப் பக்கத்தில் திரும்பும் மாதத்தையும் சேர்த்திருக்கிறேன். அந்த அம்மா இன்று காலை மில்லுக்குப் போகும்போது நின்று படித்தார். மாதத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து