‘எப்ப முடியும்?’ என்று 14 தடவை கேட்டிருக்கிறேன்: வேலையிடத்தில் மனப்பயிற்சி, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

சென்னை, ஐடி சப்போர்ட்

ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் சப்போர்ட் டீம் லீடாக இருக்கிறேன். 9 பேர். கிளையன்ட்டின் பேமெண்ட் சிஸ்டம் படுத்துவிட்டால் முதல் போன் எங்களுக்குத்தான் வரும், பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும். போன வருஷம் மூன்று மாதத்துக்கு எங்கள் டீமுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்டை ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன்பு துப்பாக்கி சுடும் வீரர்கள், செஸ் ஆடும் பிள்ளைகள் என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். எனக்கு ஆரம்பத்தில் சுத்தமாக நம்பிக்கை இல்லை. கண்ணை மூடச் சொல்வார், எல்லாரையும் கைதட்டச் சொல்வார், கடைசியில் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

முதல் இரண்டு வாரம் அவர் ஒன்றுமே சொல்லித் தரவில்லை. பிரச்சினை வந்து நாங்கள் எல்லாரும் கான்ஃபரன்ஸ் காலில் சேரும்போது அவரும் சேர்ந்து, மியூட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி 2 மணிக்கும் வந்தார். இரண்டாவது வாரக் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க சின்னச் சின்னக் கோடுகள். “நேத்து 40 நிமிஷத்துல ‘எப்ப முடியும்’னு 14 தடவை கேட்டீங்க சார். ஒரு தடவையாவது பதில் கிடைச்சுதா?” என்றார்.

கிடைக்கவில்லை. அப்புறம் அந்த ரெக்கார்டிங்கை நானே போட்டுக் கேட்டேன். நான் கேட்கும் ஒவ்வொரு தடவையும், லாகில், அதாவது சிஸ்டம் தானே எழுதி வைக்கும் பதிவில், வரி வரியாகத் தேடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் பையன் தேடுவதை நிறுத்தி, மியூட்டை எடுத்து, “பாத்துட்டு இருக்கேன் சார்” என்று சொல்லிவிட்டு, விட்ட இடம் எது என்று மறுபடி மேலிருந்து தேடுகிறான். அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. எனக்கு மேலே இருப்பவர் என்னைக் கேட்கிறார், அந்தப் படபடப்பை நான் அப்படியே கீழே தள்ளிவிடுகிறேன். அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர் சொன்ன மாற்று ரொம்பச் சின்னது. கான்ஃபரன்ஸ் காலில் சேர்ந்ததும் வாயைத் திறப்பதற்கு முன், ஒரு பேப்பரில் மணி எழுத வேண்டும். அதற்குக் கீழே மூன்று கேள்வி: நமக்கு இப்போது உறுதியாகத் தெரிந்தது என்ன, அடுத்து யார் எதைப் பார்க்கிறார்கள், மறுபடி எத்தனை மணிக்குப் பேசுகிறோம். மூன்றாவதுதான் முக்கியம். 2.25-க்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டால் 2.25 வரை யாரும் யாரையும் நச்சரிக்கக் கூடாது, எனக்கு மேலே இருப்பவருக்கும் அதே பதில்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி 1999-இல் எழுதியிருக்கிறாராம். ‘நன்றாகச் செய்ய வேண்டும்’ என்று பொதுவாக நினைப்பதைவிட ‘இப்படி நடந்தால் உடனே இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு பண்ணி வைப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிப்பது அதிகம் என்பதுதான் அதன் சாரம். பதறிப்போன நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது, ஏற்கெனவே முடிவு பண்ணி வைத்திருந்தால் கை தானாகப் போகும். பெனால்டி ஷாட் அடிப்பவர் பந்தை வைத்து, இத்தனை அடி பின்னால் போய், மூச்சு விட்டு ஓடிவருவதும் இதே கணக்குதான் என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீமிலேயே வயதில் சின்னவளான ஒரு பெண். ஒரு தடவை மூன்று மணி நேரம் சிஸ்டம் கீழே கிடந்தது, அன்று சாயங்காலம் ஒருவர் கனெக்‌ஷன் லிமிட் என்ற ஒரு செட்டிங்கை மாற்றியது அவளுக்கு மட்டும் தெரியும். மூன்று மணி நேரமும் சொல்லவே இல்லை. ஏன்மா என்று கேட்டதற்கு, “நீங்க எல்லாரும் பெரியவங்க, நான் சொல்லி தப்பாயிடுச்சுன்னா” என்றாள். சைக்காலஜிஸ்ட் இதைக் கேட்டுவிட்டு டெனெரிஃப் விமான விபத்தைச் சொன்னார். 1977 மார்ச் 27, ரன்வேயில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இன்னொரு விமானம் ரன்வேயை விட்டு விலகிவிட்டதா என்று ஃபிளைட் இன்ஜினியர் சந்தேகம் கேட்டிருக்கிறார். கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னதும் அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. விமானத்துறையில் கீழே இருப்பவர் மறுபடியும் கேட்பதற்கும் மேலே இருப்பவர் காது கொடுப்பதற்கும் தனிப் பயிற்சி வந்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். அதன்பிறகு எங்கள் கான்ஃபரன்ஸ் காலில் முதல் பேச்சு வயதில் சின்னவருக்கு. லீடு கடைசியில்தான் பேச வேண்டும், அதுவரை நான் வாயே திறக்கக் கூடாது. இதைப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது.

உங்கள் இடத்தில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? நல்லதோ கெட்டதோ எழுதுங்கள்.

மதுரை, நர்ஸ்

அந்தப் பெண் சொன்ன வார்த்தையை அப்படியே நான் சொல்லியிருக்கிறேன் அண்ணா. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு ஆம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்திருப்பார்கள். மாற்றி எடுத்துவிட்டேன், சிரிஞ்சில் ஏற்றும்போது லேபிளைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கீழே வைத்துவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஹேண்ட்ஓவர் நேரத்தில் எல்லார் முன்னாலும் இன்சார்ஜ் சிஸ்டர் கிழித்துவிடுவார். அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை அதே தட்டில் அதே தப்பைச் செய்தாள். நான் வாயைத் திறந்திருந்தால் அந்த ஆம்பியூல்களை அன்றே பிரித்து வைத்திருப்பார்கள். இன்று வரைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது நானே வார்டு இன்சார்ஜ். ஒரு பயிற்சியில் ஏமி எட்மண்ட்சனைப் பற்றிச் சொன்னார்கள். 1990-களில் அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தவர். நல்ல டீம் இருக்கும் வார்டில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் அங்கேதான் கணக்கு அதிகமாக இருந்ததாம். நோண்டிப் பார்த்ததில், அவர்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள், அதனால்தான் கணக்கில் வருகிறது. அதைக் கேட்டதும் எனக்கு என் பழைய வார்டுதான் கண்முன் வந்தது. எங்கள் ரிஜிஸ்டரில் அப்போது தப்பே கிடையாது, அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

இப்போது நர்ஸிங் ஸ்டேஷனில் ஒரு நோட்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ‘தப்பாகியிருக்கும், தப்பித்தோம்’ என்பதை எழுத வேண்டும், பெயர் போட வேண்டாம். முதல் மாதம் ஒருவரும் எழுதவில்லை. நான் என்னுடையதை எழுதினேன், அந்தப் பழைய ஆம்பியூல் கதையை, என் பெயரோடு. அந்த வாரமே நாலு பேர் எழுதினார்கள்.

திருப்பூர், லைன் சூப்பர்வைசர்

நமக்கு சைக்காலஜிஸ்ட் எல்லாம் யாரும் வரவில்லைங்க. ஆனால் ஒரு விஷயம் கண்ணால் பார்த்தது. புது ஸ்டைல் லைனில் ஏற்றிய அன்றைக்கு முதலாளி வந்து பின்னால் நின்றார் என்றால் போச்சு. ஓவர்லாக் அக்காவுக்குப் பதினைந்து வருஷ அனுபவம், அவருக்கே தையல் வளையும், செக்கிங்கில் பாதி பீஸ் திரும்பி வரும். அதே ஸ்டைல் நாலு நாள் ஓடிக் கை பழகிய பிறகு முதலாளி நின்றால் ஒன்றும் ஆகாது, பீஸ் கொஞ்சம் கூடக்கூட வரும்.

இதைச் சொன்னபோது காலேஜில் சைக்காலஜி படிக்கும் என் மகள் சொன்னாள், ராபர்ட் ஸயான்ஸ் என்பவர் 1965-லேயே இதை எழுதிவிட்டார் என்று. பழகிய வேலையை ஆள் பார்த்தால் நன்றாகச் செய்வோம், பழகாததை ஆள் பார்த்தால் சொதப்புவோம். கரப்பான்பூச்சியை வைத்துக்கூடச் சோதனை செய்திருக்கிறாராம். நான் முதலாளியிடம் போய், “புது ஸ்டைல் அன்னிக்கு மட்டும் மத்தியானத்துக்கு மேல வாங்க, காலைல நாங்க செட் பண்ணிக்கறோம்”னு கேட்டேன். முதலில் முறைத்தார். இரண்டு ஆர்டர் பார்த்துவிட்டு அவரே வருவதை நிறுத்திக்கொண்டார். அந்தக் காலை நேரத்தில் நானும் யார் பின்னாலும் நிற்பதில்லை, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

வங்கி ஊழியர்

எல்லாம் சரி. எங்கள் ஊரிலும் ஒரு பயிற்சியாளர் வந்தார். மூச்சை நாலு எண்ணி இழுங்கள், நாலு எண்ணி விடுங்கள் என்றார். மறுநாள் ரிவ்யூ. எல்லாக் கிளைகளின் டெபாசிட் நம்பரையும் ஒரே திரையில் போட்டு, சிவப்பில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார்கள். 52 வயது மேனேஜர் ஒருவர், என் அப்பா மாதிரி, எழுந்து நின்றார், கையில் வைத்திருந்த பேப்பர் ஆடிக்கொண்டே இருந்தது. கவுன்ட்டரில் மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கிறோம். இதற்கு மூச்சுப் பயிற்சி எப்படி மருந்தாகும்? டென்ஷன் ஆவது எங்கள் குறை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அதுதான் எனக்குக் கோபம்.

சென்னை, ஐடி சப்போர்ட்

உங்கள் கோபம் நியாயமானது. எங்களுக்கு வந்தவரும் இதையேதான் முதலில் மேனேஜ்மெண்டிடம் பேசினார். எங்கள் டீமில் ஒரே ஆள் தொடர்ந்து ஐந்து ராத்திரி ஆன்கால், அதாவது போன் வந்தால் எழுந்து பார்க்கும் டியூட்டி, பார்த்துக்கொண்டிருந்தார். “தூங்காத மனுஷனுக்கு நான் சொல்லித் தர ஒண்ணும் இல்ல, முதல்ல ரோஸ்டரை மாத்துங்க” என்றார். மாற்றினார்கள், இப்போது தொடர்ந்து இரண்டு ராத்திரிக்கு மேல் கிடையாது. அது நடந்த பிறகுதான் எங்களிடம் மூச்சு, கவனம் என்று பேச ஆரம்பித்தார். நம் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனாரே, அவருடன் வேலை செய்த மனப்பயிற்சியாளர் பேடி அப்டனைப் பற்றியும் எங்களுக்கு வந்தவரிடம் கேட்டேன், 2011 உலகக் கோப்பையில் நம் கிரிக்கெட் அணிக்கும் மனப்பயிற்சி கொடுத்தவர் அப்டன். அதற்கு எங்கள் சைக்காலஜிஸ்ட் சொன்னது, அந்தப் போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், தோற்ற ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் அந்த ஆளை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது என்று. உங்கள் ரிவ்யூவில் அந்த நடுப்பகுதியைத்தான் நாசம் பண்ணுகிறார்கள்.

நம்பரைச் சொல்வதிலேயே ஆள் கெட்டுப்போவதும் உண்டு. க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அள்ளிப் போட்டு 607 அளவீடுகளைப் பார்த்தார்கள். ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வது சராசரியாகப் பலன் தருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவீடுகளில் அதற்குப் பிறகு வேலை மோசமாகிறது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மானத்துக்குத் தாவினால் அப்படி ஆகும் என்பது அவர்கள் விளக்கம். பேப்பர் ஆடியது என்று எழுதினீர்களே, அந்த மேனேஜர் அன்று வீட்டுக்குப் போய் டெபாசிட்டைப் பற்றியா யோசித்திருப்பார்?

வங்கி ஊழியர்

புரிகிறது. யூனியனில் இதை எடுத்துப் பேசலாம் என்று இருக்கிறோம். நல்ல ஆளாக ஒருவரைக் கூப்பிட வேண்டும் என்றால் என்ன கேட்டுக் கூப்பிடுவது?

சென்னை, ஐடி சப்போர்ட்

முறையாக உளவியல் படித்தவரா என்று பாருங்கள், வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாரா என்று கேளுங்கள், ஹாலில் ஒரு நாள் பேசிவிட்டுப் போகிறவர் வேண்டாம். அப்புறம், ஊழியர் தனியாகச் சொல்வது மேனேஜ்மெண்டுக்குப் போகுமா என்று கேளுங்கள். போகாது என்று வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் டீமில் ஒன்பது பேரும் மனம் விட்டுப் பேசியது அந்தக் காகிதத்தில் மேலாளர் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான்.