'குன் ஃபயகூன்' பாட்டுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கடைசிப்பேருந்து:
2011இல் வந்த 'ராக்ஸ்டார்' இந்திப் படத்துப் பாட்டு. எனக்கு இந்தியும் தெரியாது, அரபியும் தெரியாது, ரகுமானுக்காகக் கேட்க ஆரம்பித்து இப்போது தினமும் தூங்கும் முன் ஓடுகிறது. காதல் பாட்டுதான் என்கிறான் நண்பன். கேட்டால் அப்படித் தெரியவில்லையே?

யாசீன்வீடு:
'குன்' என்றால் ஆகு, 'ஃபயகூன்' என்றால் ஆகிவிடும். இறைவன் ஒன்றை நாடினால் ஆகு என்பான், அது ஆகிவிடும் என்று குர்ஆனின் யாசீன் சூராவில், அதாவது அத்தியாயத்தில் (36:82), வருகிறது. நடுவில் 'ஸதகல்லாஹுல்...' என்று கேட்கும் பாருங்கள், குர்ஆன் ஓதி முடித்ததும் அல்லாஹ் உண்மையே சொன்னான் என்று நாங்கள் சொல்வது அது. ஆனால் எனக்குப் பிடித்த இடம் வேறு: என்னிடமிருந்தே என்னை விடுவி என்று கெஞ்சும் வரி. சூஃபிகள், அதாவது இஸ்லாமிய ஞானிகள், ஃபனா என்பது இதைத்தான், 'நான்' கரைந்து அவன் மட்டும் மிஞ்சுவது. அப்புறம் இறைவனைச் சாயம் தோய்ப்பவனாக்கி, என் உடலையும் மனதையும் உன் நிறத்தில் முக்கு என்று கேட்பதும் வருகிறது. படமாக்கியது டெல்லி நிஜாமுத்தீன் தர்காவில்.

தஃப்மட்டும்:
பாட்டு நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் வாத்தியத்தோடு இறைவனைப் பாடுவது கூடாது என்பவர்கள் மார்க்கத்தில் நிறையப் பேர், அதையும் சொல்லிவிடுங்கள். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் பாடிய ஆங்கிலப் பாடகர் யூசுஃப் இஸ்லாம் 1977இல் முஸ்லிமான பிறகு பல வருடம் கிட்டாரையே தொடவில்லை.

யாசீன்வீடு:
2006இல் கிட்டாரோடு திரும்பி வந்தாரே! உள்ளத்தில் இல்லாததை இசை கொண்டுவந்து வைக்காது, இருப்பதைத்தான் கிளறும் என்று அந்தக்கால மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி எழுதியிருக்கிறார். அவரும் நிபந்தனை போட்டுத்தான் அனுமதித்தார், அதை நான் மறுக்கவில்லை.

பழையகேசட்:
இந்திக்கு ஏன் போகணும்? நாகூர் ஹனீஃபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' முழுக்க துஆவை, அதாவது இறைவனிடம் வேண்டுவதைப் பற்றியதுதான், எந்த மதத்துக்காரரும் கூடவே முணுமுணுப்பார். காதலா என்ற கேள்விக்கு, தமிழ் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பரம்பொருளை மனோன்மணி என்ற பெண்ணாக்கி உருகிப் பாடியதைப் படியுங்கள், இருநூறு வருடத்துக்கு முந்தியது.

கடைசிப்பேருந்து:
அப்போ நண்பன் பாதி பாஸ். அவனிடம் சொல்ல மாட்டேன். அந்தச் சாயம் தோய்க்கிற வரி பாட்டில் எந்த இடத்தில் வருகிறது?