உதடு அசைந்த பிறகு வந்து சேரும் ஒலி: அனுபவமுள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். காது சற்று மந்தமான அப்பாவுக்குப் படங்களில் பின்னணி இசை மட்டும் அதிர, வசனம் முணுமுணுப்பாகவே கேட்டதால், 2018இல் வாங்கிய எங்கள் 43 அங்குலத் தொலைக்காட்சியுடன் சென்ற மாதம் ஒரு சவுண்ட்பாரை (நீளமான தனி ஒலிபெருக்கி) இணைத்தேன். வசனம் இப்போது தெளிவாக இருக்கிறது; ஆனால் உதடு அசைந்த பிறகே வந்து சேர்கிறது. செய்தி வாசிப்பவரைப் பார்த்து, "இவருக்கும் டப்பிங் பேசுகிறார்களா?" என்று அப்பா கேட்கிறார்.

தொலைக்காட்சியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும், 'ஏஆர்சி' என்று குறிக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளையில்தான் கேபிளைச் செருகியிருக்கிறேன். ஒலி அமைப்பில் 'பிட்ஸ்ட்ரீம்' (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புவது) என்பதை 'பிசிஎம்' (தொலைக்காட்சியே பிரித்து அனுப்புவது) என மாற்றியதும், சவுண்ட்பார் டால்பி ஒலியைப் பிரித்தெடுக்கும் வேலை மிச்சமானதாலோ என்னவோ, தாமதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது, கூடவே 5.1 எனும் ஆறு தடச் சுற்றொலியும் போய் வெறும் இரு தட ஸ்டீரியோவாகிவிட்டது. ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்கான 'ஏவி சிங்க்' அமைப்பால் ஒலியை மேலும் தாமதப்படுத்த முடிகிறதே தவிர முன்னே கொண்டுவர முடியவில்லை. மகன் விளையாடும்போது 'கேம் மோட்' படத்தை இன்னும் சீக்கிரமாகத் திரைக்குக் கொண்டுவந்துவிடுவதால், துப்பாக்கி வெடித்து ஓய்ந்த பிறகே சத்தம் கேட்கிறது.

2017இல் வெளியான எச்டிஎம்ஐ 2.1 தரத்தின் 'இ-ஏஆர்சி' (மேம்பட்ட ஏஆர்சி) வசதி, உதட்டசைவோடு ஒலியைத் தானாகவே பொருத்தும் என்று அறிகிறேன். எங்கள் தொலைக்காட்சியில் அது இல்லை. அதற்காகத் தொலைக்காட்சியையே மாற்றும் எண்ணமும் இல்லை.

இணையப் படங்களைக் காட்டும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை நேரடியாகச் சவுண்ட்பாரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருகி, அங்கிருந்து படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்பினால் தாமதம் தீருமா? அப்படிச் செய்தவர்களுக்கு 4கே தெளிவும் எச்டிஆர் (ஒளி, நிற வீச்சு மிகுந்த படம்) தரமும் குறையாமல் கிடைத்ததா? ஒலியை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளுக்கு மாறிப் பயனடைந்தவர்கள் இருந்தால், அவர்களும் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.