மறு: கப்பல் எதிர்ப்பு ஏவுகணை – வேறு சொல் உண்டா?

வணக்கம். கரையிலிருந்து ஏவிக் கப்பலை அடிக்கும் ஏவுகணைக்கு என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

> "கரையோரக் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை அமைப்பு" என்றே வைத்துக்கொள்வோமே, செய்திகளில் ஏறக்குறைய இப்படித்தானே வருகிறது?

வருகிறது, சிக்கலே அதுதான். முதல் இரண்டு சொல்லைப் படித்ததும் கரையை ஒட்டி நிற்கிற ஏதோ கப்பல் என்று நினைத்து, பாதி வழியில் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்த "எதிர்ப்பு". தீர்மானத்துக்கு எதிர்ப்பு, விலையேற்றத்துக்கு எதிர்ப்பு என்று எழுதிப் பழகிய சொல் அது. இந்தக் கணை கப்பலை எதிர்க்கவில்லை, அடிக்கிறது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் நமக்குத் தடுக்காமல் வந்தபோது கலங்கொல்லி (கலம் என்றால் கப்பல்தானே) மட்டும் ஏன் வராது?

> எல்லா அடியிலும் கப்பல் மூழ்குவதில்லையே, "கொல்லி" மிகை அல்லவா?

பூச்சிக்கொல்லிக்குத் தப்புகிற பூச்சியும் உண்டுதானே!

> கணை ஒன்றுதான், கப்பலிலிருந்தும் ஏவலாம். "கரை" எதற்கு?

இதற்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்ல வேண்டும். 1982 பால்க்லாந்து போரில் அர்ஜென்டினர்கள் தங்கள் போர்க்கப்பலில் இருந்த எக்சோசெட் என்ற கப்பலடிக்கும் கணைகளைக் கழற்றி, ஒரு டிரெய்லரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, ஜூன் 12 அன்று பிரிட்டனின் கிளாமர்கன் கப்பலை அடித்தார்கள். கணை அதேதான், ஆனால் ஆயுதம் வேறாகிவிட்டது, ஏனென்றால் கரையில் நிற்கும் வண்டியை மூழ்கடிக்க முடியாது, ஏவிய கையோடு அது இடம் மாறி மரங்களுக்குள் போய்விடும். 2022 ஏப்ரலில், சொல்லிக்கொள்ளும்படி பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லாத உக்ரைன், கரையிலிருந்து இரண்டு நெப்டியூன் கணைகளை ஏவி ரஷ்யாவின் கருங்கடல் படையின் தலைமைக் கப்பலான மாஸ்க்வாவை வீழ்த்தியது. கடற்படை இல்லாதவன் கடலில் போரிட வழி செய்வது இந்தக் கரைதான், அதைச் சொல்லிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கணை.

கரைக்கு ஒரு பலவீனமும் உண்டு. பூமி வளைந்திருக்கிறது. 100 மீட்டர் குன்றின் மேல் ரேடாரை வைத்தாலும் 20 மீட்டர் உயரக் கப்பல் 60 கிலோமீட்டர் வாக்கில் கண்ணுக்கு மறைந்துவிடும். கணை 290 கிலோமீட்டர் போகும் என்றால், மீதித் தூரத்தில் கப்பல் எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே, விமானமோ டிரோனோ. ஆக ஏவும் வண்டி, ரேடார் வண்டி, கட்டளை வண்டி, கணை ஏற்றும் வண்டி என்று ஒரு கூட்டமே சேர்ந்ததுதான் இந்த ஆயுதம். இதை "அமைப்பு" என்றால் சங்கமா கழகமா என்று கேட்பார்கள், "தொகுதி" என்றால் தேர்தல் நினைவு வரும். ஆங்கிலத்தில் இப்படியொரு கூட்டத்துக்குப் பேட்டரி என்று பெயர். பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணைக்கு ஒப்பந்தம் போட்ட செய்தியில் "3 பேட்டரி" என்று வந்ததைப் பார்த்துவிட்டு, ஏவுகணைக்கு மின்கலம் தனியாக வாங்க வேண்டுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

என் பரிந்துரை, அந்தப் பேட்டரிக்குக் கணையணி. கரையில் நிற்பது கரைக் கணையணி. ("காலணி மாதிரி இருக்கிறது" என்று வீட்டில் சிரித்தார்கள், அது தெரிந்தேதான் சொல்கிறேன்.) "எறிகணை"யை இதில் இழுக்க வேண்டாம், ஈழத்து நண்பர்கள் அதைப் பீரங்கிக் குண்டுக்கு ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "கரைக் கணையணி ஏவிய கலங்கொல்லி கப்பலின் பக்கவாட்டில் தாக்கியது." எனக்கு இடறவில்லை.

இன்னொன்று பாக்கி. இந்தக் கணைகள் கடைசிக் கட்டத்தில் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே ஒட்டியபடி வரும், அதனால்தான் கப்பலின் ரேடாருக்கு அவை கடைசி நேரம் வரை தெரிவதில்லை. அந்தப் பறப்புக்கு "அலைதடவி" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அப்போது சிரித்தேன், ஆனால் அதைவிட நல்ல சொல் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு?