சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட வாக்குமூலம்: திருகோணமலையிலிருந்து உதவி கேட்டு

திருகோணமலை நகரில் என் தம்பி நடத்தும் தேநீர்க்கடையின் இரும்புக் கதவில், இம்மாத முற்பகுதியில் யாரோ இரவோடிரவாக இனத்தை இழிக்கும் வார்த்தைகளைச் சிவப்புப் பெயின்றால் எழுதி, பெயர்ப்பலகையையும் உடைத்துவிட்டார்கள். பொலிஸில் முறைப்பாடு செய்தபோது அவனுக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் வாக்குமூலத்தை எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். பிரதியை வேறொருவர் வாசித்துச் சொன்னபோதுதான் அதில் சொத்துச் சேதம் மட்டுமே இருப்பதும், அந்த வாசகங்கள் பற்றி ஒரு வரியும் இல்லாததும் தெரிந்தது. 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. அதுவும் கிழக்கில் இப்படி நடப்பதை ஏற்க முடியவில்லை.

தமிழில் மறுவாக்குமூலம் கேட்டோம், மறுத்தார்கள். பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினோம், பதிலில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிட்டுப் பற்றுச்சீட்டு வைத்திருக்கிறோம். கதவைத் துடைக்குமுன் எடுத்த படங்களும் உண்டு.

அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையின் கீழ் பாரபட்சத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 126 ஆம் உறுப்புரை ஒரு மாதமே தருகிறது. ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையிலுள்ள காலம் அதில் சேராது என்கிறது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்ட இந்தப் பற்றுச்சீட்டு போதுமா, அல்லது ஆணைக்குழுவிடமிருந்து வேறு கடிதம் பெற வேண்டுமா?