நீண்ட நோர்வேஜியச் சொற்கள்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது? உதவி தேவை

கொக்குவிலான்:

வணக்கம் உறவுகளே. நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குடியுரிமைக்கு நோர்வேஜிய வாய்மொழித் தேர்வில் பி1 என்ற மொழித் தரநிலை எடுக்க வேண்டும். 2022 ஒக்டோபருக்கு முன் அதற்குக் கீழான ஏ2 போதுமாக இருந்தது, இப்போது அது போதாது. அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னச் சொற்களில் எனக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு மூன்று சொற்கள் ஒட்டி ஒரே சொல்லாக வரும்போதுதான் கூட வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கூடுதலாக மாட்டிக்கொள்ளும் சொற்கள் இவை: வதிவிட அனுமதிக்கான ஒப்ஹொல்ஸ்தில்லாதெல்ஸெ, நோயாளியின் பதிவேட்டுக்கான பஸியென்த்ஷூணால், பிரிவின் பொறுப்புத் தாதியான ஆவ்தேலிங்ஸ்ஸ்யூக்கெப்ளெய்யெர், பல்கலைக்கழக மருத்துவமனையான யூனிவெஷிதேத்ஸ்ஸ்யூக்கெஹூஸ், காப்புறுதி நிறுவனத்துக்கான ஃபொஷிக்ரிங்ஸ்ஸெல்ஸ்காப்.

நான் எழுத்தைப் பார்த்து அசை அசையாகப் பிரித்து, ஒன்றையும் விழுங்காமல் சொல்கிறேன். வகுப்பில் முதல் அசையில் அழுத்தம் என்று சொல்லித் தந்தார்கள், அப்படியே செய்கிறேன். ஆனால் இங்குள்ளவர்கள் கதைப்பதைக் கேட்டால் கடைசி அசையில்தான் குரல் மேலே போகிறது. எதை நம்புவது? சொல்லைப் பிரிக்க நிச்சயமான வழி ஏதாவது இருக்கிறதா?

மழைநகரம்:

தம்பி, நான் பேர்கனில் பெரியவர்களுக்கு நோர்வேஜிய மொழி கற்பிக்கிறேன். நல்ல கேள்வி, ஆனால் பதில் சொல்ல முன் ஒன்று தெரிய வேண்டும். முதல் சொல்லை நீங்கள் எந்த இடத்தில் மூச்சு விட்டுச் சொல்கிறீர்கள்? பிரித்து எழுதிக் காட்டுங்கள். அழுத்தம் வரும் அசைக்கு முன் ˈ என்றும், அடுத்த நிலை அழுத்தத்துக்கு ˌ என்றும், ஒட்டு வரும் இடத்தில், அதாவது இரண்டு சொற்கள் சேரும் இடத்தில், | என்றும் போடுவோம். எல்லாருக்கும் சுலபம்.

கொக்குவிலான்:

நன்றி அக்கா. நான் சொல்வது இப்படி: ˈஒப் ஹொல்ட் ஸ்தில் லா தெல் ஸெ. மற்றது: ˈயூ னி வெர் ஸி தேத் ஸ்யூக் கெ ஹூஸ்.

மழைநகரம்:

இந்த இரண்டுமே போதும், காரணம் தெரிகிறது.

முதலாவதில் நடுவே வரும் ஸ் முன்பகுதிக்குச் சொந்தம். ஒப்ஹொல், பிறகு இணைக்கிற ஸ், பிறகு தில்லாதெல்ஸெ. நீங்கள் அந்த ஸ்-ஐ எடுத்துப் பின்னால் ஒட்டி "ஸ்தில்" ஆக்கிவிட்டீர்கள். நோர்வேஜியத்தில் ஸ்த் என்று தொடங்கும் சொற்கள் ஏராளம், அதனால் கேட்பவர் ஸ்தில் என்று தொடங்கும் வேறொரு சொல்லைத் தேடத் தொடங்கிவிடுகிறார். சரியான பிரிப்பு: ˈஒப்ஹொல்ஸ்|ˌதில்லாதெல்ஸெ. ஒப்ஹொல் என்பதன் முடிவில் எழுத்தில் ஒரு ட் மாதிரி இருக்கும், அதை உச்சரிப்பதில்லை.

இரண்டாவதில் பிரிப்பு கிட்டத்தட்டச் சரி, அழுத்தம்தான் இடம் மாறிவிட்டது. முதல் அசையில் அழுத்தம் என்பது பாதி விதி. முழு விதி இது: ஒட்டுச்சொல்லில் முதல் பகுதிதான் அழுத்தம் பெறும், அந்தப் பகுதி தனியாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்துவோமோ அதே அசையில். பல்கலைக்கழகம் தனியாக யூனிவெஷிˈதேத். ஆகவே மருத்துவமனை சேர்ந்தாலும் யூனிவெஷிˈதேத்ஸ்|ˌஸ்யூக்கெஹூஸ். நோயாளி பஸிˈயென்த், ஆகவே பஸிˈயென்த்|ஷூˌணால். மருந்து அலுமாரி மெதிˈஸீன்|ˌஸ்காப். போக்குவரத்து விளக்கு த்ரˈஃபிக்|ˌல்யூஸ். பழைய நோர்வேஜியச் சொற்களுக்கு முதல் அசையில் அழுத்தம் வருவதால் ஆசிரியர்கள் சுருக்கமாக முதல் அசை என்று சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த சொற்களுக்கு அழுத்தம் பின்னால் வரும், மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் அந்த வகைதான் அதிகம்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துப் பழைய பேச்சில் இப்படி வெளியிலிருந்து வந்த சொற்களையும் முதல் அசையில் அழுத்துவார்கள், வாழைப்பழத்தை ˈபனான், செய்தித்தாளை ˈஆவீஸ் என்று. அதைக் கேட்டால் குழம்ப வேண்டாம், தேர்வுக்கு அது தேவையும் இல்லை.

கொக்குவிலான்:

ஒப்ஹொல்ஸ் இப்போது விளங்குகிறது. ஆனால் கடைசியில் குரல் ஏறும் விஷயம்?

ஃபுருசெட்_பிள்ளை:

அண்ணா, நான் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். நீங்கள் கேட்டது பிழையில்லை, குரல் உண்மையாகவே ஏறுகிறது. ஆனால் அது அழுத்தம் இல்லை.

ஒஸ்லோப் பக்கப் பேச்சில் அழுத்தம் வரும் இடத்தில் குரல் கீழே இறங்கும். அப்புறம் அந்தச் சொற்கூட்டம் முடிகிற இடம்வரை மெல்ல மேலே போகும். "ˈபாணெ|ˌஹாகெ" என்று பாலர் பள்ளியைச் சொல்லும்போது கடைசிக் கெ உயரத்தில் நிற்கும், ஆனால் அது குட்டையாக, பலமில்லாமல் நிற்கும். நீங்கள் உயரத்தைப் பிடித்துக்கொண்டு அதில் பலத்தையும் போட்டால் எங்களுக்கு "ஹாˈகெ" என்று கேட்கும், அப்படி ஒரு சொல் கிடையாது.

உயரத்தை விட்டுவிட்டு நீளத்தைக் கேளுங்கள். அழுத்தம் உள்ள அசை எப்போதும் நீளமாக இருக்கும். ஒன்றில் உயிர் நெடிலாக இருக்கும், இல்லாவிட்டால் உயிர் குறிலாகி அடுத்த மெய் இரட்டிக்கும். கூரை தாக், நன்றி தக்க். தமிழ் கதைக்கிறவர்களுக்குக் குறிலும் நெடிலும் நன்றாகக் கேட்கும், நமக்கு இது பெரிய வசதி.

மழைநகரம்:

அருமையாகச் சொன்னீர்கள் பிள்ளை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பேர்கனில் இது எதிர்மாறு. இங்கே அழுத்தம் வரும் இடத்தை ஒட்டிக் குரல் உயர்ந்து பிறகு இறங்கும். ஒஸ்லோவில் கற்றவர் இங்கே வந்தால் மெட்டு முழுவதும் மாறிக் கேட்கும், ஆனால் அழுத்தம் அதே அசையில்தான் இருக்கும். அதனால்தான் வகுப்பில் நான் மெட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அழுத்தத்தையும் நீளத்தையும் முதலில் கொடுக்கிறேன். நோர்வேஜியத்தில் இரண்டு தொனிகள், அதாவது சொல்லைச் சொல்லும் இரண்டு மெட்டு வகைகள் உண்டு, ஒட்டுச்சொற்களில் இரண்டாம் தொனிதான் அதிகம். தொனி பிழைத்தாலும் ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள். அழுத்தம் பிழைத்தால் விளங்காது.

ஒரு சோதனை தருகிறேன். ˈநொஷ்க்|ˌலேரெர் என்றால் நோர்வேஜிய மொழி கற்பிக்கும் ஆசிரியர். நொஷ்க் ˈலேரெர் என்று இரண்டு சொல்லாகப் பிரித்துப் பின்னால் அழுத்தினால் நோர்வே நாட்டு ஆசிரியர். நான் முதலாவது, இரண்டாவது இல்லை. இந்த இரண்டையும் கைப்பேசியில் பதிந்து யாருக்காவது போட்டுக் காட்டுங்கள். அவர் வேறுபாட்டைப் பிடித்தால் உங்கள் அழுத்தம் சரி.

புணரியல்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். தமிழ் இலக்கணம் படித்தவன், த்ரொன்ஹெய்மில் இருக்கிறேன். சொல்லைப் பிரிக்க நிச்சயமான வழி கேட்டிருந்தீர்கள். முழு நிச்சயம் கிடையாது, ஆனால் நமக்குப் பழக்கமான ஒரு பிடி இருக்கிறது: சாரியை.

புளி, காய் இரண்டும் சேரும்போது நடுவில் அம் வந்து புளியங்காய் ஆகிறது. அந்த அம்முக்குத் தனிப் பொருள் இல்லை, ஒட்டு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. நோர்வேஜியத்தில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஸ், சில சொற்களில் எ. பாணெ|ஹாகெ என்பதில் வரும் எ அதுதான்.

சில விகுதிகளில் முடியும் முன்பகுதி ஸ் இல்லாமல் ஒட்டுவது மிக அரிது: இங், ஹேத், ஷூன், தேத், ஸ்காப். ஆகவே ஒரு நீண்ட சொல்லில் இங்ஸ், ஹேத்ஸ், ஷூன்ஸ், தேத்ஸ் என்று கண்டால் அந்த ஸ்-க்குப் பின்னால் கோடு போடலாம். உங்கள் பட்டியலில் ஆவ்தேலிங்ஸ்|, ஃபொஷிக்ரிங்ஸ்|, யூனிவெஷிதேத்ஸ்| மூன்றும் இந்த வகை. அடுத்த பகுதியும் ஸ்-இல் தொடங்குவதால் எழுத்தில் இரண்டு ஸ் சேர்ந்து நிற்கும். முதல் ஸ் முன்னுக்கு, இரண்டாவது பின்னுக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வைன் குடிக்கும் கண்ணாடிக் கிண்ணம் வீன்|கிளாஸ், இணைப்பு இல்லை. சிவப்பு வைனுக்கான கிண்ணம் ரோ|வீன்ஸ்|கிளாஸ், இப்போது ஸ் வந்துவிட்டது. முன்பகுதியே ஒட்டுச்சொல்லாக இருந்தால் பல நேரம் இப்படி ஸ் வரும், பெரிய ஒட்டு எங்கே என்று அது காட்டிக்கொடுக்கும். எல்லாச் சொல்லிலும் வராது. ரயில் நிலையம் ˈயேண்|பானெ|ஸ்தˌஷூன், அதில் இணைப்பு ஸ் இல்லை. அங்கிருக்கும் ஸ், ஸ்தஷூனுடையது.

கொக்குவிலான்:

இப்படி யாரும் சொல்லித் தரவில்லை, மிக்க நன்றி. இன்று வேலையில் பஸிˈயென்த்|ஷூˌணால் ஒரே தடவையில் விளங்கியது. ஆவ்தேலிங்ஸ்ஸ்யூக்கெப்ளெய்யெர் இன்னும் சிக்குகிறது. மூன்று துண்டு இருக்கிறதே, மூன்றையும் அழுத்த வேண்டுமா?

மழைநகரம்:

இல்லை. பெரிய ஒட்டைத் தேடுங்கள். தாதி என்பது ஸ்யூக்கெப்ளெய்யெர், அதற்குள் ஓர் ஒட்டு இருந்தாலும் நாட்டு மக்களுக்கு அது ஒரே சொல். ஆகவே பெரிய ஒட்டு இங்ஸ்-க்குப் பிறகு. ˈஆவ்தேலிங்ஸ்|ˌஸ்யூக்கெப்ளெய்யெர். முதல் அழுத்தம் ஆவ், அடுத்த நிலை ஸ்யூ. தேலிங்ஸ், ப்ளெய்யெர் இரண்டையும் வேகமாகக் கடந்துவிடுங்கள்.

இங்கேதான் நம்மவர்கள் எல்லாரும் இடறுகிறோம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மாத்திரையைக் கொடுத்து வளர்ந்தவர்கள் நாம், விழுங்கினால் மரியாதைக் குறைவு மாதிரித் தோன்றும். நோர்வேஜியத்தில் அழுத்தமில்லாத அசையைக் குறைத்தால்தான் அழுத்தமுள்ளது வெளியே தெரியும். இன்னொரு பழக்கம், மெய்யில் முடியும் இடத்தில் ஒரு சின்ன உகரம் சேர்ப்பது. வேலை என்ற பொருளில் முன்பகுதியாக வரும் ஆர்பெய்ட்ஸ் என்பது "ஆர்பெய்டுசு" ஆனால் இரண்டு அசை கூடிவிடும், கேட்பவருக்கு ஒட்டு எங்கே என்றே தெரியாது. உகரத்தை விடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஃபுருசெட்_பிள்ளை:

அதோடு ர் வரும் இடங்கள். ஒஸ்லோவில் ர்+ன் சேர்ந்து ண் ஆகும், ர்+ஸ் சேர்ந்து ஷ் ஆகும், ர்+த் சேர்ந்து ட் ஆகும். இதெல்லாம் நமக்கு ஏற்கெனவே வரும் ஒலிகள், பயப்படாமல் ண, ட போடுங்கள். ஒட்டைத் தாண்டியும் இது நடக்கும். மெட்ரோவில் மயோர்+ஸ்துவா என்ற இடத்தை மˈயூஷ்டுவா என்பார்கள். பயணத்தில் நிலையப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே போங்கள். ˈயேண்|பானெ|ˌதொர்கெ முதல் அசையில், நஷுˈநால்|தெˌஆத்ரெ நடுவில், மˈயூஷ்டுவா இரண்டாவதில். ஒரே பாதையில் மூன்று வகையும் கிடைக்கும்.

ஊர்ப்பெயர்களில் சில விலக்குகள் உண்டு. கிறிஸ்தியான்ˈஸான் கடைசியில் அழுத்தம்.

மலர்க்குழு:

இதே இழையில் ஒரு சின்னச் சந்தேகம். எங்கள் சங்க மலரில் நோர்வேஜியப் பகுதியும் வருகிறது. வரி முடிவில் நீண்ட சொல் உடையும்போது எங்கே கோடு போடுவது?

புணரியல்:

ஒட்டு இருந்தால் ஒட்டில் உடையுங்கள், இணைப்பு ஸ் மேல் வரியிலேயே நிற்க வேண்டும். ஒட்டு இல்லாத சொல்லில் ஒரு மெய் அடுத்த வரிக்குப் போகும். கவனிக்க வேண்டியது மூன்று மெய் வரும் இடம். இரவு ரயில் என்பது நத்த் + தோக். சேர்த்து எழுதும்போது மூன்று த்-இல் ஒன்றை விட்டுவிடுவார்கள், இரண்டுதான் இருக்கும். வரி முடிவில் உடைத்தால் விட்டது திரும்ப வரும்: மேலே இரண்டு, கீழே ஒன்று. பஸ் தரிப்பிடம், புஸ்ஸ் + ஸ்தொப்ப், அதுவும் அப்படித்தான். கணினி தானாக உடைக்கும்போது இதைத் தவறவிடலாம், அச்சுக்கு முன் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கொக்குவிலான்:

உச்சரிப்பைச் சரிபார்க்க அகராதி ஏதாவது?

மழைநகரம்:

நோர்வேஜிய அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசம், சுருக்கமாக நாஓபி (NAOB) என்பார்கள். அழுத்தமும் தொனியும் குறித்திருக்கும். நீண்ட சொல் முழுதாக இல்லாவிட்டால் முதல் பகுதியை மட்டும் தேடுங்கள், அதன் அழுத்தம்தான் உங்களுக்கு வேண்டியது.

கொக்குவிலான்:

சரி அக்கா, இதை நானே செய்து பார்த்தேன், திருத்துங்கள். சுகாதார நிலையம்: ˈஹெல்ஸெ|ஸ்தˌஷூன். மனித உரிமை அமைப்புகள்: ˈமென்னெஸ்கெரெத்திஹேத்ஸ்|ஒர்கனிஸˌஷூனெனெ. காப்புறுதி: ஃபொˈஷிக்ரிங்ஸ்|ˌஸெல்ஸ்காப், ஃபொர் என்ற முன்னொட்டில் அழுத்தம் வராது என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கிறது. அதே மாதிரி ஆராய்ச்சிச் சபை: ஃபொஷ்க்ˈனிங்ஸ்|ˌரோதெ.

மழைநகரம்:

முதல் மூன்றும் சரி. மனித உரிமைச் சொல்லில் பெரிய ஒட்டை ஹேத்ஸ்-க்குப் பின்னால் போட்டது மிகச் சரி. உள்ளே ரெத் என்பதிலும் ஒரு சின்ன அழுத்தம் இருக்கும், ஆனால் ஷூனை மிஞ்சக் கூடாது.

கடைசியைத் திருத்துங்கள். அங்கே வரும் ஃபொர் முன்னொட்டே இல்லை, ஆராய்தல் என்ற வேர்ச்சொல்லின் பாகம். ஃபொர்+ஸிக்ரிங் என்பதை வெட்டலாம், ஃபொஷ்க் என்பதை வெட்ட முடியாது. ஆகவே ˈஃபொஷ்க்னிங்ஸ்|ˌரோதெ. உண்மையான முன்னொட்டிலும் ஒரு கவனம் வேண்டும். ஃபொர்ˈக்லாரிங், அதாவது விளக்கம், பின்னால் அழுத்தம். ஆனால் உறவு, நிலை என்று பொருள்படும் ˈஃபொர்ஹொல் முன்னால். பெ என்ற முன்னொட்டில் இந்தச் சிக்கல் இல்லை, அது அழுத்தம் பெறாது. ஆவ், ஒப், ஊத், இன் ஆகியவை ஒட்டிய பெயர்ச்சொற்களில் அழுத்தம் அவற்றில்தான். ஃபொர் வரும் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக நாஓபியில் பார்த்து எழுதி வையுங்கள். தேர்வுக்கு முன் அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.