டிராயர் முகப்பில் ஈட்டி மரக் கழுந்து: ஓரத்தில் இடைவெளி விழுகிறது

மரப்பெட்டி:

வணக்கம். எழுத்து மேசை ஒண்ணுக்கு மூணு டிராயர் செஞ்சுக்கிட்டிருக்கேன். பெட்டி முழுக்கத் தேக்கு. முகப்பும் பக்கப் பலகையும் 15 மி.மீ. கனம், உயரம் 120 மி.மீ. டவ்டெயில் (புறா வால் மாதிரி விரிஞ்ச பல்லைக் கோத்துச் சேர்க்கிற இணைப்பு) வெட்ட எனக்கு இன்னும் கை பழகல. அதனால டோமினோ மெஷின்ல (நீள்வட்டத் துளை போடுற கருவி) லூஸ் டெனான், அதாவது ரெண்டு பலகைத் துளையிலயும் இறங்குற தனிக் கழுந்து போட்டு, அதோட தலை முகப்புல தெரியுற மாதிரி விட்டேன். கழுந்தும் நானே செஞ்சதுதான். ஈட்டிப் பட்டையை 6 மி.மீ.க்கு இழைச்சு, ஓரங்களை ரவுட்டர்ல உருட்டி எடுத்தேன். தேன் நிறப் பலகையில கறுப்பா மூணு முனை, வரிசையா. அந்த அழகுக்காகவே இந்த மேசையை ஆரம்பிச்சேன்.

முதல்ல பெட்டியை வெறும் முட்டு இணைப்பா பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் மாட்டி, மறுநாள் முகப்பு வழியா 28 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டேன். முகப்புக்கு 15 போக, பக்கப் பலகைக்குள்ள 13. கழுந்தைப் பசையோட அடிச்சு இறக்கி, நீட்டிக்கிட்டிருந்ததை அறுத்து இழைச்சாச்சு.

முதல் டிராயர்ல உளி, சுத்தியல்னு பாரமான சாமானைப் போட்டு மூணு வாரம் புழங்கினேன். இப்ப இடது பக்கம் முகப்புக்கும் பக்கப் பலகைக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி. ஒரு காகிதம் நுழையுது. பசை போதலையா? கழுந்து இன்னும் ஆழமா இறங்கணுமா? மத்த ரெண்டு டிராயருக்கும் இன்னும் துளை போடல, அதுக்குள்ள தெரிஞ்சா நல்லது.

உளிப்பட்டறை:

தம்பி, ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க. இடது பக்கக் கழுந்துகளோட தலையை விரல் நுனியால தடவிப் பாருங்க. முகப்போட சமமா இருக்கா, உள்ள இறங்கியிருக்கா?

மரப்பெட்டி:

இறங்கியிருக்குண்ணா. மூணுலயும் நகம் தட்டுது. வலது பக்கம் சமமாத்தான் இருக்கு.

உளிப்பட்டறை:

அப்போ கழுந்து பக்கப் பலகையை விடல. முகப்புதான் கழுந்தை விட்டு முன்னால வழுக்கி வந்திருக்கு. ஆழத்தைக் கூட்டினாலும் இது நிக்காது.

காரணம் ரேகை, அதாவது மரத்தோட நார், ஓடுற திசை. பக்கப் பலகையில துளை ரேகையோட போகுது, கழுந்தோட ரேகையும் அதே திசை. நார் நாரோட ஒட்டுற இடம், அதனால அங்க 13 மி.மீ. இருந்தாலும் பசை விடாது. முகப்புல அப்படியில்ல. முகப்போட ரேகை இடவலமா ஓடுது, உங்க கழுந்து நின்னவாக்குல இருக்கு. அந்தத் துளைக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா இடது வலது பெரிய சுவர் ரெண்டும் அறுபட்ட நாரோட முனைதான். பசையை அது உறிஞ்சிடும், பிடிப்பு வராது. நல்லா ஒட்டுற நார், மேலயும் கீழயும் இருக்குற உருண்ட ஓரத்துல மட்டும்தான். அது வெறும் 6 மி.மீ.

டிராயரை இழுக்கும்போது விசை கழுந்தோட நீளவாக்குலயே போகுது. பிடிப்பு இல்லாத பக்கத்தை ஒவ்வொரு தடவையும் நேரா உருவுறீங்க. டவ்டெயில் போடுறவங்க வால் பகுதியைப் பக்கப் பலகையில வெட்டுறது இதுக்காகத்தான், முன்னால இழுத்தா அது கழலாது.

மத்த ரெண்டு டிராயருக்கும் முகப்பை ரெண்டு பக்கப் பலகைக்கும் நடுவுல வைங்க. துளையைப் பக்கவாட்டுலேர்ந்து போட்டு முகப்போட முனைக்குள்ள இறக்குங்க. இழுக்குற விசை கழுந்துக்குக் குறுக்க விழும். 6 மி.மீ. ஈட்டி குறுக்கு வெட்டா முறியணும்னா அந்த டிராயர்ல கல்லைத்தான் ஏத்தணும். கறுப்பு முனை டிராயரைத் திறக்கும்போது தெரியும். ஒரு விஷயம், அடிப்பலகைக்குப் பக்கப் பலகையில ஓட்டுற காடி (நீளப் பள்ளம்) முன் ஓரத்துல சதுர ஓட்டையா வெளிய வரும். காடியை முனைக்கு 10 மி.மீ. முன்னாடியே நிறுத்திட்டு, நின்ன இடத்தை உளியால சதுரமாக்குங்க.

முகப்புலயே தெரியணும்னா ஆப்பு வைக்கணும். கழுந்தோட தலையில அகலவாக்குல ஒரு ரம்பக் கோடு, 10 மி.மீ. ஆழம். அதுல மெல்லிய ஆப்பு. ஆப்பு முகப்போட ரேகைத் திசையிலதான் விரியணும், மாறினா பலகை பிளந்துடும். வாய் விரியத் துளையோட உட்பக்கச் சுவரை மட்டும் 1 மி.மீ. சாய்ச்சு உளியில சீவுங்க. வெளிப்பக்கச் சுவரைத் தொடவே தொடாதீங்க. 15 மி.மீ. பலகையில 6 மி.மீ. துளை நடுவுல இருந்தா வெளிய மிஞ்சுறது நாலரை மி.மீ.தான், அதுவும் குறுக்கு நார். ஆப்பு அடிக்கும்போது அது பொட்டுன்னு தெறிச்சுடும். எனக்கு ஒரு நல்ல முகப்பு அப்படித்தான் போச்சு. சத்தம் வந்த நொடியிலேயே தெரிஞ்சுடுச்சு, ரெண்டு நாள் அந்தப் பக்கமே போகல. அதனால ஓரத்துல மரக்கட்டை வச்சுக் கிளாம்ப் இறுக்கிட்டு, ஆப்பைச் சின்னச் சின்ன அடியா இறக்குங்க. சத்தம் கெட்டியானதும் நிறுத்திடுங்க.

பழைய டிராயருக்கு இடைவெளியில பசை செலுத்திக் கிளாம்ப்ல மூடுங்க. காய்ஞ்சதும் அதே 6 மி.மீ. கட்டரை அதே இடத்துல இறக்கிப் பழைய கழுந்தை எடுத்துட்டுப் புதுசு போடுங்க.

தேக்கிலை:

அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கு, ஈட்டியும் அப்படித்தான். ஒட்டுறதுக்குச் சற்று முன்னாடி அசிட்டோன் நனைச்ச துணியால துடைச்சுட்டு, ஈரம் பறந்ததும் பசை போடுங்க. காலையில துடைச்சு மாலையில ஒட்டினா எண்ணெய் திரும்ப மேல வந்திருக்கும்.

இன்னொண்ணு, கழுந்துத் தலையை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யாதீங்க. ஈட்டித் தூள் தேக்கோட துளைகளுக்குள்ள போய்க் கறுப்பு நிழலாப் படிஞ்சுடும், கழுவினாலும் போகாது. கூர்மையான சின்ன இழைப்புளியால சீவுங்க. ஓரத்துலேர்ந்து உள்நோக்கித் தள்ளணும், வெளிநோக்கித் தள்ளினா சிலாம்பு எடுக்கும்.

மரப்பெட்டி:

நன்றிண்ணா, நன்றி தேக்கிலை. முடிச்சுட்டேன். ரெண்டு டிராயரும் பக்கவாட்டுலேர்ந்து போட்டாச்சு, பாரத்தோட இழுத்தும் அசைவில்லை. பழையதுக்கு மேப்பிள் ஆப்பு வச்சேன். கறுப்புக்கு நடுவுல வெள்ளைக் கோடு, நான் நெனச்சதை விட நல்லா வந்திருக்கு. ஆனா கீழ்க் கழுந்துல கடைசி அடி கொஞ்சம் கூடிப்போச்சு. வெளி ஓரத்துல ரேகையோட ஒரு கீறல், சாய்ச்சுப் பார்த்தாதான் தெரியுது. அப்படியே விடலாமா?

உளிப்பட்டறை:

விடாதீங்க. ஓரத்தை லேசா அழுத்திக் கீறலைத் திறந்து, தண்ணியா ஓடுற சூப்பர் குளூ ஒரு சொட்டு விடுங்க, தானா உள்ள இழுத்துக்கும். உடனே கிளாம்ப். கட்டைக்கும் பலகைக்கும் நடுவுல மெழுகுத்தாள் வைங்க, இல்லாட்டி கட்டையும் சேர்ந்து ஒட்டிக்கும். பாலிஷ் போடுறதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுடுங்க.